டெஸ்மண்டின் குரலில் பேசியவன்

பார்ன்ஸ்லி
10 மார்ச் 1986

தம்பி டெஸ்மண்டுக்கு,

உன் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூடப் பிறந்தவனுக்கு வக்கீல் மூலமாக எழுதும்படி உன்னை ஆக்கியது நான்தான். அதனால் கோபமில்லை.

என் கம்பளக் கடைக்காக ரேடியோ விளம்பரத்தில் பேசுகிறவன் ஸ்டான் ஹெப்வொர்த். தொழிலாளர் கிளப்பில் பல குரல்களில் பேசிச் சிரிக்கவைப்பவன். அவனை உன் குரலில் பேசவைத்தேன். டெலிவிஷனில் நீ விலங்குகளைப் பற்றிச் சொல்வாயே, அதே நிதானம், அதே கனைப்பு. உன் பெயரை எங்கும் சொல்லவில்லை, சொல்லாமலே விற்றேன். "ஏய்யா கிளிஃப், நடிகரான உன் தம்பியையே விளம்பரத்துக்குப் பிடிச்சுப் போட்டுட்டியா!" என்று ஊரே கேட்டது. சிரித்துவைத்தேன்.

முப்பது வருஷமாகக் கறை பட்ட கம்பளத்தைக் கறையைக் காட்டித்தான் விற்றிருக்கிறேன். இதில் தவறிவிட்டேன். விளம்பரத்தை நிறுத்தியாயிற்று.

வெட்கத்துடன் உன் அண்ணன்,
கிளிஃபர்ட்


லண்டன்
14 மார்ச்

அண்ணா,

நான் ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பரக் குரலாக இருந்தேன். வேறு எந்தச் சரக்குக்கும் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். உன் விளம்பரத்தைக் கேட்டுவிட்டு என்னை நீக்கிவிட்டார்கள். அது நான் இல்லை என்றேன். டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் மட்டும், "வாங்கப்பா, நம்ம கடைதானே" என்று நம் வீட்டுப் பேச்சில் இழுக்கிறான். நாடகப் பள்ளியில் வெட்கப்பட்டு நான் உதறிய பேச்சு.

உங்கள் ஊர்ப் பத்திரிகையில், அது நான் இல்லையென்று உன் கையெழுத்தோடு போடு. பிறகு வக்கீல் வேண்டாம்.

டெஸ்மண்ட்


பார்ன்ஸ்லி
17 மார்ச்

தம்பி,

'உங்கள் ஊர்' என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும். அதற்குள் அம்மா விஷயத்தை உனக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் இருக்கும் முதியோர் இல்லத்தில் யாராவது அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள்.

கண் போனபின் அவளுக்கு ரேடியோதான். விளம்பரத்தைக் கேட்டுவிட்டு, "டெஸ்மண்ட் வந்தானா? உன்கூடப் பேசுறானா? என்னடா சாப்பிட்டான்?" என்றாள். அப்பா சாவுக்கும் படப்பிடிப்பு என்று வராதவன் நீ. அது நடந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "வறுத்த மீன் சாப்பிட்டான்மா" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டேனா? அவள் பிறந்தநாளுக்கு ஸ்டானைக் கடை போனில் நீயாக, நம் வீட்டுப் பேச்சில் பேசவைத்தேன். பக்கத்தில் நின்று வார்த்தை எடுத்துக்கொடுத்தது நான். பிறகு புதன்தோறும் பேசினான். போன வாரம் அவனே, "போதும் முதலாளி. அந்தம்மா எனக்கு ஸ்வெட்டர் பின்றாங்களாம். சோறு இறங்கலை" என்றான். அவனுக்கு உறைத்தது எனக்கு உறைக்கவில்லை.

அம்மாவை நீயே ஒரு முறை கூப்பிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

கிளிஃபர்ட்


லண்டன்
19 மார்ச்

அண்ணா,

நேற்று அம்மாவைக் கூப்பிட்டேன். "டெஸ்மண்ட் பேசுறேம்மா" என்றேன்.

"அட, அவன மாதிரியே பேசுறீங்களே! டெலிவிஷன்லதான் அவன் இப்படி. எங்கிட்ட நம்ம பேச்சுலதான் பேசுவான். யாருப்பா நீங்க?"

நம் பேச்சில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. நடிப்பதுபோல இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

பத்திரிகையில் எதுவும் போடாதே. அடுத்த புதன்கிழமையும் அந்த ஆளையே பேசச் சொல்.

டெஸ்மண்ட்


பார்ன்ஸ்லி
22 மார்ச்

தம்பி,

பத்திரிகைக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை. ஸ்டானையும் பேசச் சொல்லவில்லை. வியாழக்கிழமை உன் கடிதம் கைக்கு வந்ததும் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. ரேடியோவை அணைத்தாள். "அப்போ அன்னிக்கு போன்ல வந்தது நெசமாவே அவனா? அவனையா நான் யாருன்னு கேட்டேன்?" என்றாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

நேற்றும் இன்றும் என்னைத் தன் அறைக்குள் விடவில்லை. நீ நேரில் வா. எப்படிப் பேசினாலும் சரி, வா. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் இல்லத்துக்குத் தகவல் கொடு. அன்று நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

கிளிஃபர்ட்