ராணி பிங்க் சாட்சி

4-2-1996, ஞாயிறு

அக்கா மகள் ஹாரிகா கோவையில் விலங்கியல் படிக்கிறாள். பருந்து என்னென்ன தின்கிறது என்று பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். "மாமா, கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க" என்று கடிதத்தின் அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சக்கரவர்த்தி, கலர் மாஸ்டர் சென்னகேசவனுக்கா இந்த நிபந்தனை!

காலை, அவிநாசி, அப்துல் முத்தலிப்பின் கறிக்கடை. வானத்தை மறைத்துக்கொண்டு ஆயிரம் பருந்துகள். (ஏழு.) அவர் ஒரு துண்டுக் குடலை வீசினார். அது தரையைத் தொடவே இல்லை. ஒன்று வந்து காலால் பிடித்தது. கீழே இறங்காமல், பறந்தபடியே காலை முன்னுக்கு நீட்டி, தலை குனிந்து கடித்தது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பன் தின்பேனே, அதேதான். ஆனால் எனக்குச் சிந்தும். அதற்குச் சிந்தவில்லை.

6-2-96

பக்கத்துத் தோட்டத்து ராசப்பனின் புளியமரத்தில் பருந்துக் கூடு. உள்ளே குஞ்சு இருக்கிறது, கத்தல் கேட்கிறது. அடியில் கட்டைவிரல் பருமனில் சாம்பல் உருண்டைகள். செரிக்காததைப் பருந்து இப்படி வாயால் கக்கிவிடுமாம். ஒன்றைத் தையல் ஊசியால் பிரித்துப் பார்த்தேன்: எலி மயிர், எலிப்பல், வண்டின் ஓடு. இன்னொன்றில் பிளாஸ்டிக் நூல். அதை எதற்கு விழுங்கியது?

ஊசியைத் தேடிய என் மனைவி பங்காரம்மா அது எங்கே இருந்தது என்று கண்டுகொண்டாள். இரவு எனக்குத் தோசை வரத் தாமதமானது.

9-2-96

ராசப்பன் வந்தார். முகமே சரியில்லை. அவருடைய சண்டைச் சேவல் மார்கழியில் செத்துப்போனது. அதன் கடைசி வித்து பதினொரு குஞ்சு. அதில் மூன்றைக் காணோம்.

"ஏனுங்க மாஸ்டர், எல்லாம் அந்தப் பருந்து வேலைதானுங்க. கறியில குருணை மருந்தக் கலந்து மரத்தடியில வெச்சுப்போடறேன். குடும்பத்தோட போய்ச் சேரட்டும்."

அந்தக் கூட்டை விட்டால் நான் எதைப் பார்ப்பேன்? அது மட்டுமா? ச்சே, அது மட்டும் இல்லை.

"குஞ்சுக்குக் கலர் போட்டா பருந்து கிட்ட வராதுங்க. பத்து நாள் குடுங்க" என்றேன். ஊரில் எல்லோரும் செய்வதுதானே. இந்தத் தேசத்தில் அதைச் செய்ய என்னைவிட யார்?

10-2-96, சனி

எட்டுக் குஞ்சுக்கும் ராணி பிங்க். வெதுவெதுப்பான தண்ணீர், பல்பு வெளிச்சத்தில் உலர்த்தல், எல்லாம் முறைப்படி. ஏழு கடலில் அலசினாலும் போகாது. தாய்க்கோழி தன் பிள்ளைகளைப் பார்த்து அலறிக் கொத்த வந்தது. சாயங்காலம் இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அதன் அடியில் தள்ளினோம். சத்தத்தை வைத்து ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

13-2-96

ஒன்று போச்சு.

15-2-96

இன்னும் இரண்டு. முன்பெல்லாம் மண் நிறத்தில் மண்ணோடு கிடந்தன. நான் அரை மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டேன். புத்தி எங்கே போயிற்று எனக்கு?

"கலர் அடிச்சுப் பந்தி வெச்சுப்போட்டீங்களே மாஸ்டர்" என்றார் ராசப்பன். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். ஞாயிறு காலை மருந்து வைப்பாராம்.

"பருந்து எலியத்தானுங்க திங்குது. நூறு உருண்டை பிரிச்சுப் பாத்தேன்."

"நீங்க நூறுன்னா நான் பத்துன்னு எடுத்துக்கோணும். போன வருசம் உங்க கெணத்துல ஆறடி கெளுத்தின்னீங்க."

உண்மையில் பிரித்தது ஒன்பது. ஒன்பது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

16-2-96

பட்டறைக்கு லீவு. காலை ஆறரை முதல் ராசப்பனின் வேலியோரம் உட்கார்ந்தேன். பருந்து மேலே வட்டமிட்டால் கோழி ஒரு குரல் கொடுக்கிறது, குஞ்சுகள் அடியில் ஒளிகின்றன. ஒன்பதே காலுக்கு வேப்பமரத்துக்குள்ளிருந்து ஒன்று வந்தது. வட்டமில்லை, சத்தமில்லை. முழங்கால் உயரத்தில் வேலியைத் தாண்டி, அடித்து, போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்தது. புறா அளவுதான். சாம்பல் முதுகு, சிவந்த கண். வல்லூறு!

பின்னாலேயே ஓடினேன். பம்ப்செட் ரூம் பின்புறம் ஒரு கல்லின் மேல் வைத்து இறகைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பருந்து மாதிரி மயிரோடு விழுங்குகிற அவசரம் இல்லை; பிடுங்கிப் பிடுங்கி ஒதுக்குகிறது. கல்லைச் சுற்றி ராணி பிங்க் பஞ்சு. சின்னச் சின்னக் கால்கள், ஆறு. அப்படியென்றால் மூன்று குஞ்சு.

கலர் போட்ட பிறகு போனது நான்கு. நான்காவது எங்கே?

17-2-96

கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

புளியமரத்தடியில் புதிய உருண்டை. எலி மயிருக்கு நடுவில் ராணி பிங்க். என் கலர்தான், எவனும் மறுக்க முடியாது.

யாரும் பார்க்கவில்லை. காலால் ஒரு தள்ளு தள்ளினால் வாய்க்காலோடு போய்விடும். மூன்று வல்லூறுக்கு, நான்காவது கீரிக்கு என்று சொன்னால் தீர்ந்தது. அந்தக் கீரிக்கு ஒரு வாலும் மீசையும் வைக்க எனக்கு அரை நிமிஷம் போதும். உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பங்காரம்மாவிடம் காட்டினேன்.

"ஏனுங்க, கூட்டாமக் கொறைக்காமச் சொல்லிப் பாருங்களே ஒருக்கா. எப்படி இருக்குதுன்னு நீங்களுந்தான் பாருங்க" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

18-2-96, ஞாயிறு

போனபோது ராசப்பன் கறியைக் கலந்து முடித்திருந்தார். சட்டி பக்கத்தில் இருந்தது. இரண்டு காகிதப் பொட்டலங்களைத் திண்டின் மேல் பிரித்து வைத்தேன். ஒன்றில் கல்லடியில் பொறுக்கிய பஞ்சும் ஆறு கால்களும், மற்றதில் உருண்டை.

"வல்லூறு மூணு. பருந்து ஒண்ணு. கலர் போடறதுக்கு முன்னாடி போனது எதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் உருண்டையை விரலால் புரட்டினார். "பருந்தும் தின்னுருக்குது."

"தின்னுருக்குதுங்க."

"அப்பறம் எதுக்கு மாஸ்டர் இதை எங்கிட்டக் கொண்டாந்தீங்க? தூக்கி வீசிப்போட்டு வந்திருக்கலாமல்லங்க?"

கூட்டாமல் குறைக்காமல் சொல்லியாயிற்று. எனக்கே ஆச்சரியம்; நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

எழுந்து மண்வெட்டியை எடுத்தார். தென்னைக்கு அப்பால் ஆழமாகக் குழி வெட்டிச் சட்டியோடு புதைத்தார். மிச்சம் நான்கு குஞ்சுக்கும் பட்டறையிலிருந்து பனியன் வலைத்துணி கொண்டு வந்து மேலே கட்டித் தருகிறேன் என்றேன். "எந்தக் கலருங்க?" என்றார். வெள்ளை என்றேன்.

24-3-96, ஞாயிறு

காலை ஏழரை. புளியமரத்துக் கிளையில் பருந்துக் குஞ்சுகள் வெளியே வந்து நின்றன. தாய் ஒரு ஓணானைக் கொண்டு வந்து கிழித்துக் கொடுத்தது, பெரியது பிடுங்கிக்கொண்டது.

ராசப்பன் மடைமாற்றிக்கொண்டிருந்தார். "எத்தனைங்க மாஸ்டர்?"

"ரெண்டுங்க."

"செரி" என்றார். மரத்தை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.