உரிக்காத இரண்டு தேங்காய்

இன்று காலை பஜார் தெருவில், அரிசிக் கிடங்குக்கு எதிரே, ஒருவர் கைவண்டியிலிருந்து தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார். உரிக்காத காய்கள். ஒவ்வொன்றின் மட்டையிலிருந்தும் ஒரு நார்ப்பட்டையைக் கிழித்து, இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு ஜோடியைத் தோளில் முன்னொன்றும் பின்னொன்றுமாகப் போட்டுக்கொண்டு அவர் திரும்பியபோது நான் நின்றுவிட்டேன். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"எந்தா டீச்சரே, சட்னிக்கா? உரிச்சுத் தரட்டே?"

"உரிக்க வேண்டாம் சேட்டா. தண்ணி வத்தின பழைய காயா ஒரு ஜோடி குடுங்க."

காதருகே ஆட்டிப் பார்த்து ஒரு ஜோடியை எடுத்தார். "இது சட்னிக்கு ஆகாது, கேட்டோ."

"நீந்தறதுக்கு."

என் கண்ணாடியையும் கையிலிருந்த விடைத்தாள் கட்டையும் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். நீ இருந்திருந்தால் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பாய். அதோடு நிற்காமல், நான் ஏன் கூச்சப்படுகிறேன் என்று அவருக்கு விளக்கமும் சொல்லியிருப்பாய்.

போன வருஷ மழைக்காலத்தில் நீ போனாய். அதற்குப் பிறகு உனக்கென்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இன்று அந்தத் தேங்காய்கள் என் மேசைக்கடியில் கிடக்கின்றன. எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நீ எங்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்தாய். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் முதல் வாரத்திலேயே என்னை 'எடி' என்று கூப்பிட்டாய். கோபம் வந்தால் மட்டும் 'டீச்சரே'. கொச்சியிலேயே, தோப்பும்படியில் பிறந்தவள் நீ. உன் தாத்தா காலத்திலேயே உங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்துவிட்டது. அப்பாவுக்குப் படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. நடக்கப் பழகும் முன்பே உன்னைக் காயலில் போட்டுவிட்டார்கள் என்று பெருமையடித்துக்கொள்வாய். எங்கள் வீடு பஜாருக்குப் பின்னால் இரண்டாவது சந்தில். சந்தின் முனையில் நின்றால் காயல் தெரியும். அதைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எர்ணாகுளம் கல்லூரிக்கு ஐந்து வருஷம் தினமும் போட்டில் போய் வந்தேன். தண்ணீர் என் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை.

மலையாளப் பிரிவுப் பெண்கள் வருஷந்தோறும் ஓர் இரவு வெளியே தங்கும் முகாமுக்குப் போவார்கள். தமிழ்ப் பிரிவுப் பெண்கள் போனதே இல்லை. வீட்டில் விட மாட்டார்கள். அதை உன்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அம்மாக்களை எனக்குத் தெரியும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு வாரம் வீடு வீடாக ஏறினாய். "டீச்சருங்க ரெண்டு பேரும் கூடவே இருப்போம் அம்மா, கண்ணை மூட மாட்டோம்" என்று எல்லா வாசலிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாய். இருபத்திரண்டு பேர் சம்மதித்தார்கள்.

அதன் பிறகுதான் தலைமையாசிரியை ஒரு படிவத்தைக் கொடுத்தார். இடம் காயலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு என்பதால், கூடப் போகும் ஆசிரியைகள் இருவருக்குமே நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் விதி. வேறு எந்த டீச்சரும் ஓர் இரவு வெளியே தங்க முன்வரவில்லை. நான் 'தெரியாது' என்று எழுதினால் இருபத்திரண்டு பேரும் வீட்டிலிருப்பார்கள். 'தெரியும்' என்று எழுதினேன். நீ என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். காயலோரத்தில் வளர்ந்த ஒருத்திக்கு நீந்தத் தெரியாமலிருக்கும் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

நான் வேறொன்றும் செய்தேன். நூலகத்திலிருந்து நீச்சல் பற்றிய புத்தகம் ஒன்றை, படங்களோடு, எடுத்து வந்தேன். ஆறு நாள் மாலையில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அரிசிப் பெட்டியின் மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அசைத்துப் பழகினேன். எந்தக் கை எப்போது, எந்தப் பக்கம் மூச்சு, எல்லாம் மனப்பாடம். பொய் எழுதிவிட்டேன் என்ற உறுத்தல் ஏழாம் நாள் எனக்கு இல்லை. பாடத்தைப் படித்தாயிற்று, பரீட்சை வந்தால் எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது. அதுவரை நான் அறிந்துகொண்ட எல்லாமே அப்படித்தான் வந்திருந்தன.

தீவுக்குப் போகும்போது போட்டில் நீ பெண்களிடம் கேட்டாய்: "யாருக்கெல்லாம் நீந்தத் தெரியும்? கையைத் தூக்குங்க." பதினொரு கைகள் உயர்ந்தன. "கொள்ளாமே, நல்லாருக்கே! பாதிப் பேர் மீனுங்க" என்று என் தோளைத் தட்டினாய்.

விடுமுறைக்கு மூடியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். பின்பக்கம் செங்கற்படிகள் காயலுக்குள் இறங்கும் கடவு. மத்தியானம் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டுப் பெண்கள் தட்டுக் கழுவப் போனார்கள். நான் மேல்படியில் காவலுக்கு நின்றேன். நீ அடுக்களைப் பக்கம் இருந்தாய். செல்வி, ஒன்பதாம் வகுப்பு, பஜாரில் மூட்டை தூக்குகிறவரின் மகள், கைநழுவிய அலுமினியத் தட்டை எட்டிப் பிடிக்கப் போனாள். தட்டு நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். கடைசிப் படியில் பாசி.

அவளுக்கும் எனக்கும் நாலு படிதான் தூரம். எனக்கு அப்போது புத்தகத்தின் பக்கம்தான் தெரிந்தது. முதல் படம், இரண்டாம் படம், அம்புக்குறி. கால் அசையவில்லை. பெண்கள் கத்தியதில் நீ ஓடி வந்து, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு, சேலையோடு குதித்தாய். செல்வியைத் தலைமுடியைப் பற்றி இழுத்து வந்து படியில் போட்டாய். அவள் தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், பிறகு "என் தட்டு" என்று அழுதாள்.

அவளுக்குத் துணி மாற்றி, சூடாகக் கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்துவிட்டுத்தான் நீ என்னிடம் வந்தாய். உன் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் நின்னுட்டீங்க, டீச்சரே?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

"தெரியும்னு எழுதினது?"

"புத்தகத்துல படிச்சேன்."

நீ சிரிக்கவில்லை. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பக்கத்துல நிக்கிறவளுக்கு நீந்தத் தெரியும்னு நம்பித்தான் நான் அடுக்களைக்குப் போனேன்" என்றாய். அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஐந்து மணிக்குக் கடைசி போட். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம், தலைமையாசிரியையிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தீவிலிருந்து ஓடினால் போதுமென்றிருந்தது.

"போனா என்ன ஆகும்? நீ அழுவே. இந்தப் பிள்ளைங்களை இனி யாரும் எங்கேயும் விட மாட்டாங்க. போகல. ஆனா ரெண்டாவதா நீந்தத் தெரிஞ்ச ஒரு ஆளு இங்க வேணும். அது நீ இல்லே."

அடுத்த வீட்டில் கப்பைக் கிழங்கு விற்கும் சேச்சியை இரவு எங்களோடு வந்து தங்கச் சொல்லிக் கேட்டாய். காயலில் கிளிஞ்சல் வாரி வளர்ந்தவர் அவர். விஷயம் கேட்டதும் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "டீச்சர்க்கு நீந்தான் அறியில்லே? பின்னே எங்ஙனே இவிடெ வந்நு?"

"போட்டில்" என்றாய் நீ. அப்போதுதான் உன் முகத்தில் மெல்லச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

கடவின் குறுக்கே, இரண்டு தென்னைகளுக்கு நடுவே, கயிறு கட்டினாய். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது, நானும்தான். பிறகு பெண்களை வட்டமாக உட்கார வைத்து, என்னை நடுவில் நிறுத்தினாய். "சொல்லு" என்றாய்.

வீட்டில்கூட எதையும் வெளியே சொல்லிப் பழகாதவள் நான். உனக்கு அது தெரியும். தெரிந்துதான் நிறுத்தினாய். "எனக்கு நீந்தத் தெரியாது. தெரியும்னு பொய் எழுதிட்டேன். அதனாலதான் செல்வியைத் தூக்க முடியல" என்றேன். எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப டீச்சர் விழுந்தா யாரு தூக்குவாங்க?" என்று கேட்டாள். "நாங்கதான், ஆனா பன்னெண்டு பேரு சேந்து தூக்கணும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், செல்வியும்.

சிரிப்பு அடங்கும்வரை நீ காத்திருந்தாய். "இப்ப மறுபடியும் கேக்கறேன். யாருக்கு நீந்தத் தெரியும்?"

மூன்று கைகள்.

காலையில் பதினொன்று, மாலையில் மூன்று. தூக்காத எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அவர்களைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "பாத்தியா, உன் ஆளுங்க" என்றாய். எங்கள் சந்துகளில் இது ஒரு கௌரவப் பிரச்சினை. கொச்சியில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாது என்று சொன்னால் மலையாளப் பிரிவுப் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து எட்டுப் பேர் மூழ்கத் தயாராயிருந்தார்கள். நான் ஒன்பதாவது.

மறுநாள் காலை காயல் நீர் வடிந்திருந்தது. இடுப்பளவு ஆழத்தில் ஒரு பக்கம் நீயும் மறுபக்கம் சேச்சியும் நின்றுகொண்டீர்கள். ஒரு தடவைக்கு மூன்று பேர். மட்டை உரிக்காத, நீர் வற்றிய இரண்டு தேங்காய்களை நார்ப்பட்டையால் இணைத்துக் கட்டி, முடிச்சைக் காலால் மிதித்து இழுத்துச் சோதித்தாய். "முதல்ல டீச்சர்."

நெஞ்சுக்கடியில் பட்டையும் இரு பக்கமும் தேங்காயுமாகக் கிடந்தேன். புத்தகத்தில் படித்தபடி கையை வீசினேன். "மதி, போதும்! தண்ணி புத்தகம் படிக்காது. கையை அடிக்காதே. மூச்சை விடு, பயத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். பெண்கள் கரையிலிருந்து ஒன்று, இரண்டு என்று கத்தி எண்ணினார்கள். பத்து எண்ணும்வரை நான் மிதந்தேன். கண்ணாடி இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. காதில் தண்ணீரின் சத்தம் மட்டும். "டீச்சரே மிதக்கறாங்க, நானும் போறேன்" என்று அடுத்து இறங்கியவள் செல்வி.

திரும்பியதும் நேராகத் தலைமையாசிரியையிடம் போனேன். நீயும் வந்தாய், ஆனால் எனக்காகப் பேசவில்லை. "அடுத்த தடவை நீ எழுதறதை நம்ப மாட்டேன். பாத்துட்டுத்தான் அனுப்புவேன்" என்றார் அவர். அது எனக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைந்த தண்டனை. அங்கிருந்து செல்வியின் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா தோளில் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நீங்க படிச்சவங்க" என்று மட்டும் சொன்னார். இதுவரை யாரும் என்னை அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை.

அந்த வருஷம் முழுக்கச் சனிக்கிழமைகளில் தோப்பும்படிக்கு வந்தேன். உன் வீட்டுப் பின்னாலிருந்த குளத்தில், மீன்கூடைகளோடு போகும் பெண்கள் நின்று வேடிக்கை பார்க்க, காலை ஆறு மணிக்கு. மழையிலும் விடவில்லை. ஜுரம் என்று சொன்ன நாளில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளத்தைவிடச் சூடு கம்மி" என்றாய். தலைமையாசிரியை குடையோடு வந்து கரையில் நின்று பார்த்த அன்று, குளத்தை மூன்று தடவை குறுக்கே கடந்தேன்.

அடுத்த டிசம்பரில் படகுத்துறையில் செல்வியின் அப்பா அவள் பையோடு நின்றிருந்தார். எல்லோர் முன்னாலும் என்னிடம் ஒரே சொல் கேட்டார்.

"இப்ப?"

"தெரியும்" என்றேன்.

பையைப் போட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு வருஷந்தோறும் போனோம். எந்த வருஷமும் போட்டில் நீ கைதூக்கச் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு யார் முதல்ல சொல்றது?" என்று கேட்பாய். போட்டியாகிவிடும்.

மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இந்த வருஷம் உன்கூட யாரு வரா?" என்று கேட்டாய். "நீதான்" என்றேன். "மறுபடியும் பொய் எழுதறியா டீச்சரே?" என்று சிரித்தாய். நான்கு நாள்தான் இருந்தாய்.

போன டிசம்பரில் முகாம் நடக்கவில்லை. விதி மாறவில்லை, இரண்டாவது ஆள் இல்லை. இந்த வருஷமும் அப்படி விட நான் தயாராக இல்லை. பெண்கள் என்னைக் கேட்பதற்கு முன்பே தலைமையாசிரியையிடம் தேதி வாங்கிவிட்டேன். சித்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் கணக்கு டீச்சர் கூட வரச் சம்மதித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். படிவத்தில் 'தெரியும்' என்று அழுத்தமாக எழுதிக் கொடுத்தார். அந்த அழுத்தம் எனக்குப் பழக்கமானது.

"எங்க கத்துக்கிட்டீங்கக்கா?"

"எங்க ஊர்ல ஆறு ஓடுது."

"ஆறு ஓடுது, சரி. உங்களுக்கு?"

நான் அரிசிப் பெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் தவிர எந்தப் பெரியவரிடமும் நானாக அவ்வளவு பேசியதில்லை. முடித்தபோது அவர் படிவத்தைத் திரும்ப வாங்கி, எழுதியதை ஒரு கோட்டால் அடித்து, 'தெரியாது' என்று எழுதினார். "அப்ப நான் வர முடியாதா?" என்று கேட்டார்.

"முகாமுக்கு ஏழு வாரம் இருக்கு" என்றேன்.

என்னை உருவாக்க உனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஏழு வாரத்தில் முடியாமல் போகலாம். முடியாவிட்டால் அந்தக் கப்பைக்காரச் சேச்சியை முகாம் முழுக்க வரச் சொல்வேன், தலைமையாசிரியையிடம் அதையும் அப்படியே சொல்வேன். பொய் எழுதி மட்டும் ஒரு பெண்ணையும் போட்டில் ஏற்ற மாட்டேன். போகாமலும் இருக்க மாட்டேன்.

நாளை சனிக்கிழமை. உன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். பின்கதவைத் திறந்து வைப்பதாகச் சொன்னார். ஆறு மணிக்கு நானும் கணக்கு டீச்சர் அக்காவும் உன் குளத்தில் இருப்போம். வண்டிக்காரர் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு, பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி நானே கட்டியிருக்கிறேன். இப்போதுதான் ஒரு காயை மிதித்துக்கொண்டு மற்றதை முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். நழுவவில்லை.