அந்த அறையில் இருந்தவர் யார்

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பத்திரிகை வந்தது. தம்பியின் கதை அச்சில் வந்திருக்கிறது என்று ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் படித்தேன். முதலிலேயே படித்திருந்தால் காட்டியிருக்க மாட்டேன்.

இந்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குக் கதைசொல்லியைக் கண்டுபிடிக்கும் பாடம். யார் கண் வழியாகப் பார்க்கிறோம், அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று. மனம் கேட்காமல், உன் பெயரை மறைத்து, அப்பாவின் கடைசி நாளைச் சொல்லும் உன் கதையையே வாசித்தேன்.

"சொல்றது யாரு?" என்றேன்.

"மகன்தான் டீச்சர், 'நான்'னு வருதே" என்றார்கள். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்தாள். "அவரு அந்த ரூம்ல இருந்திருக்க மாட்டாரு டீச்சர். ஜன்னல், கட்டில், கடிகாரம் எல்லாம் சொல்றாரு. அப்பாவைப் புரட்டிப் படுக்க வெச்சதை ஒரு வரிகூடச் சொல்லலை."

பதினோரு மாதம் புரட்டியவள் நான். கடைசியில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த 'நான்' எப்படி நீ ஆனது? நீ வந்தது அவர் போன மூன்றாம் நாள். லீவு கிடைக்கவில்லை என்றாய். நானும் தோண்டிக் கேட்கவில்லை.

உன் அக்கா

ஜூன் 21

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில், கிரேன் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். இறங்கவே மனம் வரவில்லை.

லீவு கிடைத்தது அக்கா. நீ போன் செய்த அன்றே மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெட்டியோடு பஸ் நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன். என்னைத் தோளில் சுமந்த மனுஷரை எலும்பும் தோலுமாகப் பார்க்கத் தைரியம் இல்லை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கதையை முதலில் 'அவன்' என்றுதான் எழுதினேன். 'அவன்' பஸ் நிலையத்தைத் தாண்டவே மறுத்தான். 'நான்' என்று மாற்றியதும் பேனா நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய்விட்டது. புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன். மகன் வரவில்லை, மகள்தான் இருந்தாள் என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல். அப்பா என்னைக் கேட்டாரா?

உன் தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

கேட்டார். கடைசி நாள் காலையிலிருந்தே "வந்துட்டானா, வந்துட்டானா" என்று கதவுப் பக்கமே முகம். கண் பார்வை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது, காதும் அரைகுறை. சாயங்காலம் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்து, குரலைக் கனமாக்கி, "வந்துட்டேம்ப்பா" என்றேன்.

விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். "கை ஏண்டா இப்படி மெலிஞ்சு கிடக்கு? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடறேம்ப்பா."

"அக்கா எங்கடா?"

"கடைக்குப் போயிருக்கா."

"அவளும் வரட்டும். அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

காத்திருந்தார். அரை மணி நேரம் இருக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நீ இல்லை என்று சொல்லி அதைக் கலைக்காமல், அக்காவாகத் திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை. அப்படியே அவர் கை தளர்ந்துவிட்டது. என்ன சொல்ல நினைத்தார் என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே கதையைத் திருத்தாதே. அந்த அறையில் மகன் இருந்தான். மகள்தான் வரவில்லை.

கொஞ்ச காலம் எனக்குக் கடிதம் போடாதே. உன் மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். இப்போதைக்கு அது உண்மையாக இருக்காது. குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா