அப்பா கேட்ட வினிகர்

மிட்சம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் அங்கை பேர்த்திலை ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறியள் எண்ட நினைப்போடை எழுதுறன். இஞ்சை நாங்களும் சுகம், சுகமெண்டால் நீ வந்து பார்த்திட்டுப் போன நேரத்தை விட நல்ல சுகம். இதைப் போனிலையே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்திலையே இருப்பார், தன்னைப் பற்றி ஆரும் கதைச்சால் முகத்தை அங்காலை திருப்பிப்போடுவார், அதுதான் மத்தியானம் அவர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுதுறன்.

ஸ்ட்ரோக் வந்த பிறகு அவருக்கு எல்லாம் விளங்கும், சொல்ல வெளிக்கிட்டால்தான் தொண்டையோடை நிண்டுபோகும் எண்டது உனக்குத் தெரியும். நீ போன பிறகு பார்க்க வந்த சனம் அவருக்குக் காது கேளாதெண்டு நினைச்சோ என்னவோ, சின்னப்பிள்ளையோடை கதைக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக் கதைச்சுது. கமலேஸ்வரி அக்கா சாப்பிட்டிட்டாரோ எண்டு அவருக்கு முன்னாலையே என்னட்டைக் கேட்டா, அப்பா எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திப்போட்டார். அதோடை வெளியிலை வரமாட்டன் எண்டு ஒரே பிடி. முப்பது வருஷம் இந்த ஊர் றோட்டிலை பஸ் ஓடின மனுசன், யன்னலுக்காலை பஸ் போறதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

போன மாசம் ஒரு புதன்கிழமை மேல்வீட்டுத் தண்ணி எங்கடை குசினிக்குள்ளை ஒழுகி, பார்க்க வந்தவன் அடுப்பைக் கொளுத்த வேண்டாமெண்டு சொல்லிப்போட்டான். உன்ரை தம்பி ரதீசன் வேலைக்குப் போட்டான். அப்பாவைத் தனிய விட்டிட்டுப் போகவும் எனக்குப் பயம். ட்ராம் ஸ்டொப்புக்குக் கிட்ட இருக்கிற பிஷ் அண்ட் சிப்ஸ் கடைக்கு ஒருக்கால் என்னோடை துணைக்கு வாங்கோவன் எண்டு கெஞ்சினன். எனக்குத் துணை எண்டபடியாலை ஆக்கும், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கடையை இப்ப டொலறஸ் எண்டு ஒரு பிள்ளை நடத்துது, எங்கடை ஊர்ப்பக்கம் பாசையூர் ஆக்கள், ஜெர்மனியிலை கனகாலம் இருந்திட்டு வந்து வாங்கினவை. மீனைப் பொரிச்சு எடுத்து வைச்சிட்டு, அண்ணை, வினிகர் விடட்டோ எண்டு கேட்டாள். நான் வழமை போலை, கொஞ்சமாய் விடு பிள்ளை எண்டன். அவள் என்ரை பக்கம் திரும்பவேயில்லை. அக்கா, நான் அண்ணையை எல்லோ கேட்டனான் எண்டு சொல்லிப்போட்டு வினிகர்ப் போத்திலும் கையுமாய் நிண்டாள். பின்னாலை வாசல் மட்டும் சனம். அப்பாவுக்கு முகம் சிவந்து போச்சு, எனக்கெண்டால் அவரை இழுத்துக்கொண்டு ஓடிவருவம் போலை இருந்தது. பெயின்ற் ஊத்துண்ட உடுப்போடை நிண்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் மணிக்கூட்டைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான், அவசரமில்லை, ஆறுதலாய்ச் சொல்லுங்கோ எண்டு இங்கிலீசிலை சொன்னான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கூ, கூ எண்டு ரெண்டு மூண்டு தரம் தெண்டிச்சுப் பார்த்தார், பிறகு ஒரே சொல்லாய், கூட, எண்டார். கடை முழுக்கக் கேட்டுது பிள்ளை. டொலறஸ் நல்லாய் விட்டிட்டு, போதுமோ அண்ணை எண்டாள். இன்னும் எண்டார்!

மீன் தெப்பமாய் நனைஞ்சு போச்சு. வெளியிலை போட்டிருந்த மர வாங்கிலை இருந்து தோலும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார், என்ரை சிப்ஸிலையும் கை வைச்சார், நான் அழுதுகொண்டே சாப்பிட்டன். வினிகர் கேட்ட வாயாலை என்ரை பேரை ஒருக்கால் சொல்லுங்கோவன் எண்டன். உன்னி உன்னிப் பார்த்தார், வரேல்லை. அது கடையிலை சொன்ன சொல்லை விட நீளமான பேர் எண்டு சொன்னன், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திட்டுது. இப்ப புதன் எண்டால் அவரே முதல் வெளிக்கிட்டு நிக்கிறார், கொட் வேண்டாம் ஹடொக் தா எண்டு மீனின்ரை பேரைச் சொல்லிக் கேக்கிற அளவுக்கு வந்திட்டார். பேச்சுப் பயிற்சி குடுக்க வாற மரினாவும் பொரிச்ச சாப்பாடு கிழமைக்கு ஒருக்கால் எண்டால் பரவாயில்லை, கடைக்குப் போறதை விடாதேங்கோ எண்டு சொன்னவ. சில நாள் ஒண்டும் வராது, கோபத்திலை ஊண்டுற பொல்லாலை நிலத்திலை குத்துவார், அதையும் உனக்கு மறைக்கேல்லை.

நீ வேலையாலை வந்து ஒரு துண்டுப் பாணைக் கடிச்சிட்டுப் படுக்கிறதை விட்டுப்போட்டு, ரெண்டு பேருமாய் இருந்து சூடாய்ச் சாப்பிடுங்கோ. உங்களுக்கு ஒரு தீங்கும் வராமல் அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா, அப்பாவும் நானும் கும்பிடாத நாளில்லை. ஒண்டை மட்டும் மறந்திடாதை. வாற ஞாயிறு நீ எடுக்கேக்கை போனை அப்பாவிட்டைக் குடுப்பன். ஏதாவது கேட்டிட்டுப் பேசாமல் இரு. கனநேரம் ஒரு சத்தமும் வராது, லைன் கட்டாகிட்டுதெண்டு வைச்சுப்போடாதை பிள்ளை, அவர் அதிலைதான் இருப்பார்.

உன்ரை அம்மா
சிவமலர்