சுண்டெலி மடித்த துண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அடுத்த கட்டிலில் குறட்டை அக்கா தூங்குகிறாள். அம்மாவோடு சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுடைய குறட்டைச் சத்தத்தில் பென்சில் கீறுவது கேட்காது. குறட்டை நின்றால் டார்ச்சை அணைத்துவிடுவேன். நல்லவள்தான், எனக்கு பிஸ்கட் எல்லாம் தருகிறாள். ஆனால் விழித்துக்கொண்டால் பேசுவாள், அவள் பேசினால் படகுத்துறை வரைக்கும் கேட்கும்.

நான் சித்தி வீட்டில் இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாய். சித்திக்குக் குழந்தை பிறந்திருப்பதால் இந்த விடுமுறைக்கு அங்கே இடமில்லை. எங்கள் பள்ளி ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். உன் நர்ஸ் ஹாஸ்டலில் வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் அம்மா என்னைத் தான் வேலை பார்க்கிற தீவுக்கே கூட்டிவந்துவிட்டாள். தலையணை உறைகள் நிறைந்த டிராலிக்குள் என்னை உட்காரவைத்து, மேலே படுக்கை விரிப்பைப் போட்டு மூடி, ஓட்டலின் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியில் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டதில் காது அடைத்துவிட்டது.

வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்கள் இங்கே தங்கக் கூடாது. போன வருடம் ஒரு சமையல்காரர் தன் தம்பியை ஓர் இரவு படுக்கவைத்ததற்காக அடுத்த படகிலேயே பெட்டியோடு அனுப்பிவிட்டார்களாம். நான் பிடிபட்டால் அம்மாவுக்கும் அதே கதிதான். அப்புறம் உன் படிப்பும் என் படிப்பும் என்ன ஆகும்? உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "அவளுக்குப் பரீட்சை நேரம். நீ எதையாவது எழுதி அவளைப் பயமுறுத்தாத" என்றாள். இருந்தாலும் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பகல் முழுக்க சலவைக்கூடத்தில் தலையணை உறை அலமாரிக்குப் பின்னால் இருப்பேன். சும்மா இருக்க முடியாமல் துண்டு மடிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கே அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓரங்கள் உள்ளே போக வேண்டும், ஓட்டலின் சின்னம் மேலே தெரிய வேண்டும், நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி மேடம் மொத்த அடுக்கையும் பிரித்துப் போட்டுவிடுவார். அவர்தான் சலவைக்கூடத்துக்கு மேலாளர். துணிக்குப் போடுகிற கஞ்சியைத் தானும் போட்டுக்கொண்டதுபோல விறைப்பாக நடப்பாராம், அதனால் அந்தப் பெயர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் மூச்சு விட மாட்டேன்.

அக்கா, அம்மா கடிதம் போட்டால் நீ கோபப்படுவாயே. "கடல் பச்சையா இருக்கு, நீலமா இருக்குன்னு எழுதறாங்க. ஜாலியா காத்து வாங்கிட்டு இருக்காங்க, நம்மள பத்தி என்ன கவலை" என்பாய். நானும் தலையாட்டியிருக்கிறேன். உலகம் முழுக்கப் படம்பிடித்துப் போடுகிற கடற்கரை ஆயிற்றே. ஆனால் சலவைக்கூடம் இருப்பது ஓட்டலின் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டியும் ஒரு சுவரும்தான் தெரியும். முன்பக்க வேலிக்கு அந்தப் புறம் சலவைக்கூடத்து யூனிஃபார்ம் தெரியவே கூடாது. கடற்கரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வந்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பக்கம்னு சொல்வாங்க" என்றாள்.

இவ்வளவு தூரம் வந்த பிள்ளை கடற்கரையைப் பார்க்காமல் போவதா என்று அம்மாவுக்கு ஆற்றாமை. நேற்று ஒரு கவுனை இஸ்திரி போட்டு எடுத்துவந்தாள். யாரோ ஒரு குழந்தை விட்டுப்போனது, வருடக்கணக்காக யாரும் கேட்காதது. அதை மாட்டிவிட்டுச் சொன்னாள். "நேரா நட. தரைய பாத்து நடக்காத. யாராவது எதாவது கேட்டா சிரிச்சுட்டுப் போ. இங்க வர்ற பிள்ளைங்க யாரும் யாருக்கும் பதில் சொல்றதில்ல."

போனேன் அக்கா. மணல் சலவைத்தூள் மாதிரி வெள்ளை. நிறைய பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடிசை போட்ட ஓர் இடத்தில் துண்டு கொடுக்கிற அண்ணன் எனக்கும் "வாங்க மிஸ்" என்று ஒரு துண்டை நீட்டினார். என்னை மிஸ் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். முட்டி வரை இறங்கினேன். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டது. பயத்தில் கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, ஏனென்றால் அதன் பிறகு சிரித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அலமாரியும் மேடமும் ஞாபகத்திலேயே இல்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. துவட்டிக்கொண்டதும் துண்டை உதறினேன். உதறியதும் கை தானாக மடித்துவிட்டது. ஓரம் உள்ளே, சின்னம் மேலே. கொண்டுபோய் அந்த அண்ணனிடம் கொடுத்தேன். அவர் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுற்றிலும் எல்லோருடைய துண்டுகளும் போட்டது போட்டபடி மணலில் கிடந்தன. "யாரோட பொண்ணும்மா நீ" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா சொன்னபடி சிரித்தேன். "சிரிச்சா சரியா போச்சா. கை காட்டிக் குடுத்துடுச்சே" என்றார். நான் ஓடி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் ஈரத்துண்டு வண்டியைச் சலவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சுருட்டி எறிந்த துண்டுகளுக்கு மேலே என்னுடையது மட்டும் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. கஞ்சி மேடம் அதைக் கையில் எடுத்தார். நான் அலமாரி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதை மடிச்சது யாரு" என்றார். "ஒரு விருந்தாளி, மேடம்" என்றார் அந்த அண்ணன். "விருந்தாளி மடிக்கிற மடிப்பா இது? எங்கிட்ட வேலை பாக்கறவங்களே இப்படி மடிச்சு நான் பாத்ததில்ல" என்றார் மேடம். எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மேடம் அம்மாவிடம் வந்தார். "நாளைலேருந்து கரையில துண்டு பொறுக்கற வேலை உனக்கு. சனிக்கிழமை வரைக்கும்" என்றார். அது தண்டனை வேலை. வெயிலில் ஈரமும் மணலுமான வண்டியை இழுக்க வேண்டும், யாரும் போக மாட்டார்கள். குறட்டை அக்காகூட "ஐயோ பாவம்" என்றாள். வாசல் வரை போன மேடம் திரும்பாமலே இன்னொன்றும் சொன்னார். "தலையணை உறை அலமாரிக்குப் பின்னாடி ஒரு எலி இருக்கு. நாளைக்கு ஊர்லேருந்து ஓட்டலோட பெரிய மேனேஜர் இங்க சுத்திப் பாக்க வர்றார். விடியறதுக்குள்ள எலிய என் ரூமுக்கு அனுப்பிடு."

நீ எனக்கு வைத்த சுண்டெலி என்ற பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அம்மா தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தேன். நான் பள்ளிக்குத் திரும்புகிற படகும் சனிக்கிழமைதான் என்பதும், மேடம் எல்லாம் தெரிந்தேதான் சொன்னார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இன்று முழுக்க மேடம் அறையில் இருந்தேன். ரொட்டியை மேசை மேல் வைத்துவிட்டு "சிந்தாம சாப்பிடு" என்றார். அந்த அறைக்குச் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதில் கடற்கரை தெரிகிறது. திரை ஓரமாக நின்று பார்த்தேன். அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கரம் மணலில் புதைந்துகொண்டது. சுற்றிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். கால்சட்டையை மடித்துவிட்டாள். அதையும் ஒழுங்காக, இரண்டு காலிலும் ஒரே அளவாக மடித்தாள். துண்டு அண்ணன் எதையோ தேடுவதுபோல வந்து, ஓட்டல் பக்கம் பார்த்தபடி மறைப்பாக நின்றுகொண்டார். அம்மா தண்ணீருக்குள் இறங்கினாள். குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள், சின்னக் குழந்தை மாதிரி. ஒரு அலை வந்து முழங்காலில் அடித்தது. அம்மா நகரவே இல்லை.

இங்கே வந்து இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கரையில் இறங்கியது அதுதான் முதல் தடவை. அவள் எழுதிய பச்சையும் நீலமும் விருந்தாளிகள் குப்பையில் போட்ட பட அட்டைகளைப் பார்த்து எழுதியது. நமக்குக் கவலை வேண்டாம் என்றுதான் எழுதினாளாம். ராத்திரி என் தலையைத் துவட்டும்போது சொன்னாள், "அலை கிட்டத்துல இவ்ளோ சத்தமா இருக்கும்னு யாரும் சொல்லவே இல்லையே" என்று. யோசித்துப் பார், அவள் கடிதங்களில் கடலின் சத்தம் ஒரு வரிகூட இருக்காது.

மேனேஜர் இன்னும் ஊருக்குப் போகவில்லை. சனிக்கிழமை டிராலிக்குள் உட்கார்ந்து படகுக்குப் போய்ச் சேரும்வரை பயம்தான். ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன் அக்கா, இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் துண்டு அண்ணன் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

பரீட்சையை நன்றாக எழுது. முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு, இதைச் சொல்லத்தான் உனக்கு எழுதினேன். நான் எழுதியது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கடல் சத்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் கேள். இனிமேல் அம்மாவுக்குச் சொல்லத் தெரியும்.

உன்னை நினைத்துக்கொண்டே தூங்கப்போகும்,
சுண்டெலி