கூரியருக்குப் போன ஆட்டு மயிர்

சோழபுரம்.

அன்பு மகன் ஆபிதுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் அத்தாவும் ஒன்பது ஆடுகளும் சுகம், குவைத்தில் உன் சுகமும் உன் தொப்பையின் சுகமும் அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், இந்தச் சேதியைப் போனில் சொன்னால் அத்தா காதில் விழுந்துவிடும், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற உன் அறைக்கூட்டாளி ஜெபக்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன். நாலாம் வகுப்புக் கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்.

ஊரே கறிக்கு ஆடு வளர்க்க நான் மட்டும் மயிருக்கு வளர்க்கிறேன் என்று அத்தாவுக்குக் கோபம் உனக்குத் தெரியும். இந்தப் பங்குனியில் கத்தரிக்கும் மயிரும் விலைபோகாவிட்டால் பக்ரீதுக்கு ஒன்பதையும் மொக்கைச்சாமி தரகனிடம் பிடித்துக்கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் கொடைக்கானலில் கம்பளித் தொப்பி பின்னுகிற நாராயணி அம்மா போனில், சனிக்கிழமைக்குள் ஒரு கிலோ அனுப்புங்கள், பிடித்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். உடனே ஆடுகளை மோட்டார் தண்ணீரில் குளிப்பாட்டி, இரண்டு நாள் காயவிட்டு, பக்கத்து வீட்டு மாரிக்கனி ஆட்டுக் காலைப் பிடிக்க நான் கத்தரி போட்டேன். மயிர் போர்வை மாதிரி ஒன்றாய்க் கழன்று வந்தது. கத்தரித்த பிறகு ஆடுகள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முட்டிக்கொண்டன, கிடா உனக்கு மொட்டை போட்ட அன்று நீ முழித்த மாதிரியே முழித்தது. புழுக்கை ஒட்டியது, முள் சிக்கியது எல்லாம் கழித்து நல்லதில் ஒரு கிலோ கட்டி அத்தாவைக் கூரியர் கடைக்கு அனுப்பினேன்.

அங்கே இருந்த பெண் மகாலட்சுமி, உள்ளே என்ன இருக்கு என்று கேட்டிருக்கிறாள். அத்தா, மயிரு என்றிருக்கிறார்கள். அவள் முகம் சிவந்து, என்ன பாய், பெரிய மனுசன் மாதிரி இருக்கீக, மரியாதையாப் பேசுங்க என்றாளாம். மரியாதையாத்தாம்மா சொல்லுதேன், அம்புட்டும் மயிருதான் என்றார்களாம். கடையே கூடிவிட்டது. அத்தா வீட்டுக்கு வந்து மூட்டையை வீசி, உன் மயிரை நீயே வச்சுக்கோ என்றார்கள். இருபத்தாறு வருசத்தில் இப்படி ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சிரித்தால் ஆகுமா, சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மறுநாள் நானே போனேன். வாயைத் திறக்கவில்லை, மூட்டையைத் திறந்தேன். ஃபேன் காற்றில் அது கடையெல்லாம் பறந்து மகாலட்சுமிக்கு ஆறு தும்மல். அய்யோ அக்கா, நெசமாவே மயிருதானா, பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க என்று அவளே பொறுக்கிக் கட்டிக்கொடுத்தாள்.

முந்தாநாள் நாராயணி அம்மா பேசினார்கள். எல்லாம் வேண்டுமாம், ஐப்பசியில் கத்தரிப்பதும் தனக்கே வேண்டுமாம். அத்தாவும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். இன்று காலை மொக்கைச்சாமி கயிற்றோடு வந்து நின்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்கிட்ட என்னத்தக் கேக்க, இது அவ யாவாரம், அவகிட்டயே கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டு அத்தா கிடாவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்கள். நான் அவனுக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா.

வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை பார், தினமும் புரோட்டா தின்னாதே. ஜெபக்குமார் கொண்டுவரும் முறுக்கை அறையில் எல்லாருக்கும் கொடுத்துத் தின். வெள்ளிக்கிழமை போன் போட மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், முதலில் புத்தி.

துஆவுடன் அம்மா,
ரஹ்மத் பீவி