எவர்சில்வரைத் தின்ற சைக்கிள் டியூப்

என் ஆசை அண்ணனுக்கு,

அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே ஹுத்தான் மெலிந்தாங்கில் நான் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன்னால்தான்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சோறு தின்ற கை காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். "சம்சு சாராயத்தக் குடிச்சிட்டுதான் படகுல ஏறியிருப்பான். நெதானம் இருந்தா கடல்ல விழுவானா?" என்றார் பக்கத்துப் படகு மாரிமுத்து அண்ணன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். உன் ரெண்டு பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசுக்கும் குடிகாரன் பிள்ளைகளாகவா அவர்கள் வளர வேண்டும்?

மறுநாள் காலையில் அத்தனை பேரையும் படகுத்துறைக்குக் கூட்டிப் போனேன். வலை இழுக்கும் கயிற்றை மாட்டிய எவர்சில்வர் வளையம் முறிந்து, இழுத்த கயிற்றோடுதான் நீ கடலில் விழுந்தாய். அது கடலோடு போய்விட்டது. மறுபக்கத்தில் அதன் ஜோடி இருந்ததே! அதிலும் நீ சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றியிருந்தாய். டியூப் ஓரத்தில் காவிக் கறை வழிந்திருந்ததை முன்பே பார்த்திருந்தேன்.

ரப்பர் தோட்டத்து ஆள்கள் நாம் எதற்குத்தான் டியூப் சுற்றவில்லை? வாளிப் பிடி, மண்வெட்டி, ரப்பர் பால் வெட்டும் கத்தி. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு வந்தோம், பழக்கத்தை விட்டோமா? கயிறு உரசித் தேயக் கூடாது என்று இங்கேயும் சுற்றினாய்.

எல்லார் முன்னாலும் கத்தியால் கீறி உரித்தேன். உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் கசிந்தது. வளையம் அரித்து, நடுவில் விரிசல் ஓடியிருந்தது. டியூப் சுற்றாத இடமெல்லாம் பளபள என்று இருந்தது. காற்றுப் படாமல் உப்பை அடைத்து வைத்தால் எவர்சில்வரும் செத்துப்போகும், அண்ணே.

"அப்ப அவன் சுத்துனதுதான் அவனையே கொன்னுச்சா?" என்றார் மாரிமுத்து அண்ணன்.

"ஆமாண்ணே. தப்பு அவன் மேலதான். ஆனா குடி இல்ல."

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "அத ஏன்டி சொல்ற? படகு ராசியில்லன்னு சொல்லிட்டுப் போலாம்லா."

முடியாது என்றேன். ராசியில்லை என்றால் படகையும் விற்கச் சொல்வார்கள். அப்புறம் சோற்றுக்கு யாரிடம் போய் நிற்பது?

இப்போது புது வளையங்கள் போட்டு, டியூப் சுற்றாமல் திறந்தே விட்டிருக்கிறோம். உரசுகிற இடத்தில் கயிற்றுக்குத்தான் ரப்பர் குழாயைத் தொளதொளவென்று மாட்டியிருக்கிறோம். படகு கரைக்கு வந்ததும் அண்ணி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கிறார். "என்னாக்கா, அபிஷேகமா?" என்று பயல்கள் கிண்டல் செய்கிறார்கள். "ஆமாலா, விபூதி வாங்கிட்டுப் போ!" என்கிறார். உன் பெண்டாட்டிக்கு இவ்வளவு வாய் இருந்தது உனக்குத் தெரியுமா?

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்திருக்கக் கூடாதா?

சத்தியமாகச் சொல்கிறேன். அப்பா எப்படிச் செத்தார் என்று உன் பிள்ளைகள் கேட்டால், எதையும் மறைக்க மாட்டேன். நீ செய்த தப்பை நானே சொல்வேன். செய்யாத தப்பை எவன் சொன்னாலும், அவன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பேன்.

உன்னை விட்டுக்கொடுக்காத தங்கச்சி,
செல்லம்மா